கைவேலைக் கேள்வி பதில்: கிறிஸ்துமஸுக்கு ஒரு கம்பளி உறை

கேள்வி: கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய மின்னூல் படிக்கும் கருவிக்குப் பண்டிகைக் கோலத்தில் ஓர் உறை செய்து கொடுக்க விரும்புகிறேன். சென்ற ஆண்டு அட்டையில் துணி ஒட்டிச் செய்தது, பனிக்காலம் முடிவதற்குள் பிரிந்துவிட்டது. என்னிடம் தையல் இயந்திரம் இல்லை. எந்தத் துணியில், எந்த அளவில் தைக்கலாம்?
(வாசகி ஒருவர், கோத்தகிரி)

பதில்: சென்ற ஆண்டு உறை பிரிந்ததற்கு உங்கள் கைவேலையைக் குறை சொல்ல வேண்டாம். அட்டையும் வெள்ளைப் பசையும் ஈரம் பட்டால் இளகுபவை; மழைக்காலத்தில் தீப்பெட்டிகூட நமுத்துப் போகும் நம் மலை வீடுகளில் அவை நிற்காது. நானும் ஒருமுறை அப்படிச் செய்து, பத்தே நாளில் அட்டை பூரி போல் உப்பி, உள்ளே கரும்புள்ளியாகப் பூஞ்சணம் படர்ந்ததைப் பார்த்து அடுப்பில் போட்டிருக்கிறேன். ஆகவே இந்த முறை பசையையே தொடாமல், முழுவதும் நூலால் தையுங்கள்.

துணிக்குக் கடைக்குப் போகவும் வேண்டாம். மலையில் குடியிருப்பவர் வீட்டுப் பெட்டியில் யாரும் போடாத ஸ்வெட்டர் ஒன்றாவது கிடக்கும். அது அசல் கம்பளியா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்: ஓரத்தில் ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டினால், கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக உறையும். அக்ரிலிக் ஸ்வெட்டர் இந்த வேலைக்கு உதவாது.

அசல் கம்பளி ஸ்வெட்டரைக் கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கசக்குங்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதிலைப் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் சோப்பும் கசக்கலும் சேரும்போது அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பிறகு பிரிவதில்லை. சலவையில் தெரியாமல் சுருங்கிப்போன ஸ்வெட்டரைக் கண்டு நொந்துகொண்டிருப்போமே, அதையே இங்கே வேண்டுமென்று செய்கிறோம். பின்னல் கண்கள் மறைந்து, வெட்டினாலும் ஓரம் பிரியாத தடித்த துணியாகும் வரை விடாதீர்கள். இயந்திரச் சலவைக்கென்று பதப்படுத்திய சில கம்பளிகள் மட்டும் எவ்வளவு கசக்கினாலும் சுருங்க மாட்டா. எந்த ஸ்வெட்டர் எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் சுருக்கி, நிழலில் உலர்த்திய பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

ஸ்வெட்டரின் கை இயல்பாகவே குழாய் வடிவில் இருப்பதால் பாதித் தையல் மிச்சமாகும். உங்கள் மகளின் கருவி 16 செ.மீ. நீளம், 11.5 செ.மீ. அகலம், 0.9 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தையும் தடிமனையும் கூட்டினால் 12.4, அரை செ.மீ. இளக்கம் விட்டால் உறையின் உள் அகலம் ஏறத்தாழ 13 செ.மீ. வர வேண்டும். தோளை ஒட்டிய அகலமான பகுதியை எடுத்து, மணிக்கட்டை நோக்கி ஒடுங்கும் பக்கத்தில் ஒரே ஒரு நேர்த்தையல் போட்டுச் சமன் செய்யுங்கள். முன்பக்கத்தை 18 செ.மீ. உயரத்திலும், பின்பக்கத்தை மடக்கி மூடும் நாக்குக்காக 25 செ.மீ. உயரத்திலும் வெட்டுங்கள். அடிப்பக்கத்தை இரட்டை நூலில் பின்தையலாலும், வாய் ஓரத்தைச் சிவப்பு நூலில் கம்பளித் தையலாலும் (ஓரத்தை வளைத்துக் கண்ணி கண்ணியாகப் போடும் ‘பிளாங்கெட் ஸ்டிட்ச்’) முடித்தால், அந்த ஓரமே ஓர் அலங்காரமாகிவிடும். உள்ளே பழைய வேட்டித் துணியில் ஒரு பை தைத்துச் செருகிவிட்டால், கம்பளிப் பிசிர் சார்ஜ் துளைக்குள் புகாது.

பண்டிகைக் கோலத்துக்குப் பனிமனிதனும் கலைமானும் வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். டிசம்பரில் நம் மலைத் தோட்டங்களில் சிவந்து நிற்கும் பாயின்செட்டியா இருக்கும்போது, நாம் பார்த்திராத மிருகத்தை எதற்குத் தைக்க வேண்டும்? அதன் சிவப்பு இதழ்களாக நமக்குத் தெரிபவை நிறம் மாறிய இலைகளே. உண்மையான பூக்கள் நடுவிலுள்ள சிறு மஞ்சள் குமிழ்கள். எனவே சிவப்புத் துணியில் கூர்முனையுள்ள இலைகளைச் சிறிதும் பெரிதுமாக வெட்டி, அடிப்பகுதியை மட்டும் தைத்து, நுனிகளைத் தளர விடுங்கள். நடுவில் மஞ்சள் நூலால் ஐந்தாறு முடிச்சுத் தையல் போடுங்கள். தைக்குமுன் சிவப்புத் துணியை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பூவை நேரடியாக உறையில் தைக்காமல் டிச் பட்டனில் மாட்டினால், ஜனவரியில் அதைக் கழற்றிவிட்டுப் பொங்கலுக்கு ஒரு கரும்பையோ பானையையோ மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: உறைக்குள் வைத்தால் உறைபனியிலிருந்து கைப்பேசிக்குப் பாதுகாப்பு கிடைக்குமா?
(வாசகர் ஒருவர், உதகமண்டலம்)

பதில்: ஓரளவுக்கு மட்டும். கம்பளி தானாகச் சூடு தராது. இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இரவு முழுவதும் காருக்குள் கிடந்த கைப்பேசி உறைக்குள் இருந்தாலும் காரளவு குளிர்ந்துவிடும். கைப்பேசிகளைப் பொதுவாக 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் அயனி மின்கலத்தைச் சார்ஜ் செய்வது அதைக் கெடுக்கும். குளிரிலிருந்து சமையலறை வெப்பத்துக்கு வந்தவுடன் கைப்பேசியை வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் அரும்பும். அரை மணி நேரம் உறைக்குள்ளேயே வைத்திருந்து பிறகு எடுங்கள். சார்ஜ் செய்யும்போது இதற்கு நேர்மாறாக, உறையைக் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: என் மகன் தன் கைப்பேசி உறையில் காந்தப் பூட்டு, ஜிகினா, பொத்தான் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு எல்லாம் வைக்கச் சொல்கிறான். வைக்கலாமா?
(வாசகி ஒருவர், கொடைக்கானல்)

பதில்: காந்தம் கைப்பேசியின் திசைகாட்டியைக் குழப்பும், வெல்க்ரோ போதும். ஜிகினாவை வெளிப்புறத்தில் மட்டும் தையுங்கள், உள்ளே உதிர்ந்தால் திரையைக் கீறும். விளக்கு வேண்டவே வேண்டாம். வீட்டில் சிறு குழந்தை இருந்து, பொத்தான் மின்கலத்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் வெந்துவிடும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் பரிசாகத் தரும் உறையில் தோடர் பூவேலையைப் பார்த்துத் தைக்கலாமா?
(வாசகி ஒருவர், குன்னூர்)

பதில்: பார்த்துத் தைப்பதைவிட, தோடர் பெண்கள் தைத்த சிறு துண்டு ஒன்றை வாங்கி உறையின் முகப்பில் வைத்துத் தைப்பதையே நான் விரும்புவேன். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், முன்வரைவு ஏதுமின்றி, இழைகளை எண்ணியே அவர்கள் தைக்கிறார்கள். 2013-இல் அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தைக்கும்போது துணியின் மறுபுறத்தில் உருவாகும் மேடான பக்கத்தையே அவர்கள் நல்ல பக்கமாகக் கொள்வர்; வாங்கிய துண்டைத் திருப்பி வைத்துத் தைத்துவிடாதீர்கள். வேலைப்பாட்டின் நடுவே வெட்டினால் இழை பிரிந்துவிடும். அதனால் சுற்றிலும் ஒரு செ.மீ. வெள்ளைத் துணி இருக்குமாறு வெட்டி, அதை உள்ளே மடித்து நெருக்கமாகத் தையுங்கள். கம்பளி உறையைத் துவைக்கும்போதும் குளிர்ந்த நீரில் அமுக்கி எடுங்கள். வெந்நீரில் போட்டால் அது இன்னொரு முறை சுருங்கி, கருவி உள்ளே நுழையாமல் போகும்.