ஒற்றைப் பைப்பில் ஓடும் காது

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது, மைக் செட் வேலை. ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்த்தபோது மூன்று ராத்திரி பாக்ஸ் பக்கத்திலேயே நின்றான். ஐந்து நாளாக இடது காதில் 'ஙொய்' என்று ஒரே இரைச்சல். மெடிக்கல் ஷாப்பில், "காதுக்கு ரத்தம் போகவில்லை" என்று ஆஸ்பிரின் கொடுத்தார்கள். சத்தத்தால் ரத்தம் நிற்குமா டாக்டர்?
- ஓர் அக்கா, வியாசர்பாடி

பதில்: அடியோடு நிற்காதும்மா, குறையும். கடைக்காரர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

உங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் லைன் முடியும் கடைசி வீடு ஒன்று இருக்குமே, உள்காது அந்த மாதிரி. நூல் கனத்தில் ஒரே தமனிதான் போகிறது. அது அடைபட்டால் பக்கத்து வீட்டில் ஒரு குடம் கேட்கக்கூட வழியில்லை. உள்ளே நத்தைக் கூடு போன்ற காக்ளியாவில் ஒலியைப் பிடிக்கும் மயிர் செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. ரத்தக்குழாய்ப் பின்னல் இருப்பதோ சற்றுத் தள்ளி, பக்கச் சுவரில். பொட்டாசியம் நிறைந்த திரவத்தைச் சுரந்து, சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைக் காப்பது அந்தச் சுவர்தான். மயிர் செல்களுக்கு அதுதான் பேட்டரி.

பாக்ஸ் அதிரும்போது இந்தச் செல்கள் மூச்சுவிடாமல் உழைக்கின்றன. அதில் சேரும் நச்சு மூலக்கூறுகள் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுகின்றன. தேவை ஏறும் நேரம் பார்த்து வரத்து குறைகிறது. மே மாதத்துத் தண்ணீர் லாரி கதைதான். நுண்குழாய்களைக் கட்டிப்பிடித்திருக்கும் பெரிசைட் செல்கள் பிடி தளர்வதையும், குழாய்ச் சுவர் கசிவதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கசிந்தால் பேட்டரி இறங்கும். ரத்த ஓட்டம் திரும்பினால் அது ஓரளவு ஏறிக்கொள்ளும். செத்த மயிர் செல் மட்டும் நமக்குத் திரும்ப முளைக்காது.

எனக்கே வலது காதில் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண ஊர்வலத்தில் பத்தாயிரம் வாலா காலடியில் வெடித்ததன் சீர்வரிசை. இன்றும் ஃபேன் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது.

ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லுங்கள். சத்தத்தால் கெட்ட காதுக்கு அது மருந்தில்லை; அளவு மிஞ்சினால் அதுவே காதில் இரைச்சலைக் கிளப்பும். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் டெஸ்ட், எடுத்துவிடுங்கள். கேட்கும் திறன் சட்டென்று இறங்கியிருந்தால் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதுண்டு, நாள் தள்ளத் தள்ள பலன் குறையும். ரிப்போர்ட்டில் உள்ள கோடு, 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சொலிப் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால், பெரும்பாலும் அது சத்தம் தோண்டிய குழி.

தொழிலை விடச் சொல்ல மாட்டேன், சோறு போடுவது அதுதானே. கணக்கைச் சொல்லுங்கள்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 என்றால் கால் மணி நேரம். 109 என்றால் இரண்டு நிமிஷம்கூடக் கிடையாது. பஞ்சு அடைத்துக்கொள்வது கண்துடைப்பு. ஃபோம் இயர் பிளக்கை விரலால் உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகினால்தான் உள்ளே விரிந்து அடைக்கும். பாக்ஸுக்கு நேர் முன்னால் நிற்காமல் பின்பக்கம் தள்ளி நின்று மிக்சரைத் திருகட்டும்.

டெஸ்ட்டுக்கு முந்தைய நாள் எந்த ஆர்டரும் எடுக்க வேண்டாம். களைத்த காதோடு உட்கார்ந்தால் ரிப்போர்ட் பொய் சொல்லும்.