கருவேலம் புதருக்குள் ஒரு தண்டவாளம்

கேள்வி: பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவில் எங்கள் ஊர் ஸ்டேஷன். அதன் பின்பக்கம் தொடை உயரத்தில் கருங்கல் மேடை ஒன்று கிடக்கிறது. அதை ஒட்டி ஒரு பழைய தண்டவாளப் பாதை கருவேலம் புதருக்குள் புகுந்து மண்மேட்டில் முட்டி நிற்கிறது. முன்பு வேறு ஊருக்கு ரயில் போனதா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: எந்த ஊருக்கும் போகவில்லை ஐயா. மண்மேட்டில் முட்டுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அது கூட்ஸ் சைடிங், அதாவது சரக்கு ஏற்றி இறக்கப் பிரித்த கிளைப்பாதை. மீட்டர்கேஜ் காலத்துப் பயணிகள் மேடை இவ்வளவு உயரம் இருக்காது. வேகன் கதவுக்கு நேராக மூட்டையைத் தள்ளத்தான் அந்த உயரம்.

நான் இந்தப் பாதையில் கீமேனாக இருந்தவன். தினமும் சுத்தியலோடு நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகளில் (சாவி என்போம்) தளர்ந்ததை அடித்து இறுக்குவதுதான் வேலை. சைடிங் பக்கம் போனால் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை ஏற்றுகிறவர்கள் ஒரு கை அள்ளி மடியில் போடுவார்கள். (சாப்பிட்டபடி நடந்ததற்கு மேஸ்திரியிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.) அப்போது ஒன்றிரண்டு வேகன்தான் என்றாலும் கொண்டுவந்து விடுவார்கள். அப்புறம் முழு ரேக், அதாவது ஒரு ரயில் நிறையச் சரக்கு இருந்தால்தான் என்றானது. சின்ன ஊர் மூட்டைகள் லாரிக்குப் போய்விட்டன. விழுப்புரம்–மயிலாடுதுறை அகலப்பாதையில் 2010இல் ரயில் ஓடத் தொடங்கியது. சரக்கே வராத சைடிங்கை யார் அகலப்பாதையாக மாற்றுவார்கள்?

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு ஒரு மீட்டர் இருந்தால் மீட்டர்கேஜ்; அகலப்பாதை என்றால் 1,676 மில்லிமீட்டர். தண்டவாளமே ஒல்லியாகத் தெரியும். தண்டவாளத்தை எடையை வைத்துத்தான் சொல்வோம்; இப்போது 60 என்றால் மீட்டருக்கு 60 கிலோ எடை. எங்கள் காலத்து 60 என்பது கெஜத்துக்கு 60 பவுண்டு, மீட்டருக்கு 30 கிலோதான் தேறும். எங்கள் ஸ்டேஷனில் மணிக்குப் பதில் தொங்கியதும் அதில் ஒரு துண்டுதான். ஓசை அடுத்த தெரு வரை கேட்கும்.

தண்டவாளத்தின் பக்கவாட்டில், நடு இடுப்பில், புடைத்த எழுத்துகள் இருக்கும். துருவைத் துடைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்தால் உருக்காலையின் பெயரும் தயாரித்த வருடமும் தெரியும். பெயர்த்து எடுத்துவிடாதீர்கள், ரயில்வே சொத்தை வைத்திருந்தால் 1966ஆம் வருடச் சட்டப்படி வழக்கு வரும். வருடம் என்னவென்று பார்த்து எழுதுங்கள். புதருக்குள் போகும்போது கையில் ஒரு கம்பு இருக்கட்டும்; ஜல்லி இடுக்கில் விரியன் படுத்திருக்கும்.