கரம் பலகையில் தற்காப்பு அடி: கேள்வி பதில்

வன்னியில் வாசிகசாலை, சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் என்று பலகை இருக்கிற இடங்களில் இருந்து வந்த கேள்விகள் இவை. போடுவதற்குக் காய் இல்லாத முறையில் என்ன அடிப்பது என்பதுதான் எல்லாருடைய சிக்கலும். விதி வருகிற இடங்களில், 1988இல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதியை எடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் போட்டியில் வேறு விதி இருந்தால் ஆட்டம் தொடங்க முதலே கேட்டுக்கொள்ளுங்கோ.

கிளிநொச்சி: அண்ணை, போடக் காய் இல்லையெண்டால் நான் கூட்டத்துக்குள்ள இழுத்து அடிச்சுக் கலைச்சு விடுறனான். கழகத்தில "சும்மா தட்டி விடு" எண்டு சொல்லுறாங்கள். எது சரி?

இரண்டும் சரியில்லை, தம்பி. கலைத்து விட்டால் உங்கள் காய் விழுந்தாலும் விழும், விழாமலும் போகும். அவருடைய காய்கள் திறபடுவது மட்டும் நிச்சயம். சும்மா தட்டினால் அவருக்கு இருந்த வாய்ப்பு அப்படியே இருக்கும், உங்கள் நிலையும் திருந்தாது. நல்ல தற்காப்பு அடி ஒரே அடியில் இரண்டு வேலை செய்ய வேண்டும்: அவருடைய லேசான காயைக் கெடுக்க வேண்டும், உங்கள் காய் ஒன்றை அடுத்த முறைக்குத் தயார் செய்ய வேண்டும்.

அடிக்க முதல் பலகையை அவருடைய கதிரையில் இருந்து பார்ப்பதாக நினையுங்கோ. அவர் ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கிற அடிக்கோட்டுக்கும் அவர் பக்கச் சட்டத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 10 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை இருக்கிறது. அதற்குள் நிற்கிற காயை அவர் முன்னோக்கி அடிக்க முடியாது. பெருவிரலால் பின்னுக்கு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வர வேண்டும். அதே காய் உங்கள் பக்கப் பொக்கற் அருகே நின்றால் அவருக்கு நேர் அடி. ஆகவே அவருடைய காயை அவர் பக்கம் தள்ளுங்கோ, உங்கள் பக்கம் இழுக்காதேங்கோ. அந்தப் பட்டையிலும் நடுப்பகுதிதான் சிறந்த இடம், ஏனென்றால் இரண்டு பொக்கற்றுக்கும் அது தூரம்.

பலர் பிழைக்கிற இடம் வேகம். கூடுதலாக அடித்தால் காய் சட்டத்தில் மோதித் திரும்பவும் வெளியே வந்து நிற்கும். அவருக்கு முன்பு இருந்ததை விட நல்ல காய் கிடைத்துவிடும். பழகுவதற்கு ஒரு வழி: நடு வட்டத்தில் ஒரு காயை வைத்து, எதிர்ப் பட்டைக்குள் நிற்கும்படி பத்துத் தரம் தள்ளிப் பாருங்கோ. எட்டுத் தரம் நிற்கும்வரை போட்டியில் இந்த அடியை நம்ப வேண்டாம்.

வவுனியா: நான் முந்திக் கூடுதலாகப் பூல் ஆடினவன். ஒன் பொக்கற் ஆட்டத்தில வெள்ளைப் பந்தை ஒளிச்சு வைக்கிறதுதான் தற்காப்பு. கரத்தில ஸ்ட்ரைக்கரை எங்க ஒளிக்கிறது?

ஒளிக்க இடமே இல்லை. ஒன் பொக்கற்றில் ஆளுக்கு ஒரு பொக்கற், எட்டுப் பந்துகளை முதலில் போட்டவர் வெற்றி. வெள்ளைப் பந்து நிற்கிற இடத்தில் இருந்தே மற்றவர் அடிக்க வேண்டும், அதனால் அந்தத் தந்திரம் பலிக்கிறது. கரத்தில் முறை மாறியதும் எதிராளி ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து, 47 செ.மீ. அடிக்கோட்டில் விரும்பிய இடத்தில் வைத்து அடிப்பார். இங்கே காய்களின் நிலைதான் முழுத் தற்காப்பும்.

பூலில் இருந்து வருபவர்கள் இன்னொன்றையும் மறக்க வேண்டும். அங்கே பந்துகள் ஏறக்குறைய ஒரே பாரம், அதனால் சுழற்சி இல்லாமல் நேராக மோதினால் வெள்ளைப் பந்து நின்றுவிடும். இங்கே ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை, காய் 5 முதல் 5.5 கிராம். நேராக மோதிய பிறகும் ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் பாதியளவோடு காயைப் பின்தொடர்ந்து போகும். காய் 40 செ.மீ. ஓடினால் ஸ்ட்ரைக்கர் 5 செ.மீ. அளவில் தொடரும். ஆகவே பொக்கற் வாயில் நிற்கிற காயை நேராக அடித்தால் ஸ்ட்ரைக்கரும் விழப் பார்க்கும். பொக்கற் விட்டம் 4.45, ஸ்ட்ரைக்கர் 4.13 செ.மீ., தாராளமாக உள்ளே போகும். தற்காப்புக்கு அடித்து ஸ்ட்ரைக்கரை விழுத்தினால் முறையும் போய், பைனாக (தண்டமாக) நீங்கள் போட்ட ஒரு காயும் வெளியே வரும். அந்தக் காயை வெளி வட்டத்துக்குள் வைப்பவரும் எதிராளிதான்.

முல்லைத்தீவு: எதிராளியின் காய் பொக்கற்றுக்கு நேரே நிற்கிறது. என் காயை முன்னால் விட்டு மறிக்கலாமா?

மறிக்கலாம், ஆனால் எந்த இடத்தில் என்பதைக் கவனியுங்கோ. அவருடைய அடியில் உங்கள் காய் மட்டும் விழுந்தால் அவருடைய முறை முடியும், உங்களுக்கு ஒரு காய் இலாபம். அதனால் நல்ல மறிப்பைக் கண்டால் அவர் தயங்குவார். ஆபத்து எங்கே என்றால், உங்கள் காய் பொக்கற் வாயிலேயே நின்று அவருடைய காய் அதன் முதுகில் ஒட்டியபடி நேர் வரிசையில் இருந்தால். பலமாக அடித்தால் இரண்டும் ஒன்றாக விழும், பாரமான ஸ்ட்ரைக்கர் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். இரண்டும் விழுந்தால் அவர் தொடர்ந்து ஆடுவார்.

அதனால் மறிக்கிற காயை வாயில் இருந்து 5, 6 செ.மீ. தள்ளி, நேர்கோட்டுக்கு அரைக் காய் அளவு விலக்கி நிறுத்துங்கோ. அப்போது அவருடைய காய் உங்கள் காயின் ஓரத்தில் பட்டுச் சட்டத்தின் பக்கம் திரும்பும். அவருடைய காய் ஏற்கெனவே வாய்க்குள் தொங்கினால் மறிப்பு வேலை செய்யாது. பக்கச் சட்டத்தில் மோதித் திரும்பி அதன் விலாவில் தட்டி வெளியே எடுங்கோ.

நீங்களே அதை விழுத்திவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் பிரயோசனம் இல்லை, அவருக்கு ஒரு காய் குறைகிறது, முறையும் அவரிடம் போகிறது. ஒரேயொரு நிலையில் நல்ல அடி: சிவப்பு இன்னும் பலகையில் இருந்து, அவருக்கு அதைக் கவர் செய்ய (சிவப்பைப் போட்டதும் தொடர்ந்து தன் காய் ஒன்றைப் போட்டு உறுதியாக்க) இருக்கிற லேசான காய் அதுதான் என்றால் விழுத்துங்கோ. ஆனால் அது அவருடைய கடைசிக் காயாக இருக்கக் கூடாது. சிவப்பு பலகையில் இருக்க எதிராளியின் கடைசிக் காயை விழுத்தினால் அந்தப் பலகையே, அதாவது அந்தச் சுற்றே, உங்களுக்குத் தோல்வி.

பரந்தன், பாடசாலை அணி மாணவி: சிவப்பு லேசாக நிக்குது, ஆனால் கவருக்குக் காய் இல்லை அண்ணை. போட்டு விடட்டா?

வேண்டாம், தங்கச்சி. கவர் விழாவிட்டால் சிவப்பு நடு வட்டத்துக்குத் திரும்பும், முறை அவருக்கு. நடுவில் நிற்கிற சிவப்பு அவருக்கு நல்ல வாய்ப்பு. அதற்குப் பதிலாக அதே சிவப்பை அவருடைய பட்டைக்குள் தள்ளி விடுங்கோ. அவருக்குக் கடினம், உங்களுக்கு எதிர்ப் பக்கத்தில் இருப்பதால் அடுத்த முறையும் எட்டும். தள்ளுகிற அந்த அடியிலேயே உங்கள் காய் ஒன்று பொக்கற் பக்கம் நகர்ந்தால் அடுத்த முறை சிவப்பும் கவரும் சேர்ந்து இருக்கும்.

அவருக்கு ஒரு காய் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் இந்தப் பூட்டு மிக வலிது. சிவப்பை எடுக்காமல் அவர் கடைசிக் காயைப் போட முடியாது, போட்டால் தோல்வி. நீங்கள் அந்த நேரத்தில் ஆறுதலாகச் சிந்தித்து ஆடலாம்.

மாங்குளம்: மாரியில எங்கட பலகை இழுக்குது. மெல்லத் தட்டின காய் பாதியில நிண்டு அவருக்கே வசதியாப் போகுது.

ஈரம் ஏறினால் பவுடர் கட்டியாகும், பலகையும் ஊதும். உலர்ந்த பருத்தித் துணியால் பழைய பவுடரை முழுக்கத் துடைத்தெடுத்து, புதிதாக ஒரு சிட்டிகை மட்டும் தூவிக் கையால் பரப்புங்கோ. மேலே மேலே கொட்டுவதால் இன்னும் இழுக்கும். ஆடாத நேரம் பலகையைச் சீமெந்துத் தரையில் சாத்தி வைக்க வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இதற்கு மாறாகச் செம்மண் தூசி வரும், அது காயின் அடியைக் கீறும். ஆட்டம் முடிந்ததும் மூடி வையுங்கோ.

பலகை எப்படி இருக்கிறது என்று ஆட்டத்துக்கு முதல் சோதியுங்கோ: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழுப் பலத்தில் அடித்தால் சட்டத்துக்குச் சட்டம் குறைந்தது மூன்றரைத் தரம் ஓட வேண்டும் என்பது விதி. அதற்குக் குறைந்தால் நீண்ட தள்ளு அடிகளை அன்று விடுங்கோ. 10, 15 செ.மீ. நகர்த்துகிற மறிப்புகளையே தேடுங்கோ. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காய் ஓடும் தூரம் நாலு மடங்காகும், எனவே இழுக்கிற பலகையில் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தால் பிழை பெரிதாகும்.

ஒட்டுசுட்டான்: இரட்டையர் ஆட்டத்தில் இதெல்லாம் அப்படியே பொருந்துமா?

பொருந்தும், ஆனால் எதிரே இருப்பவர் உங்கள் சோடி. அடுத்து அடிப்பவர் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய பட்டை உங்களுக்குப் பக்கவாட்டில் வரும், காயை அங்கே தள்ளுங்கோ.

முழங்காவில்: எங்கட போட்டியில பெருவிரல் அடி கூடாது எண்டு சொல்லுறாங்கள்.

சம்மேளன விதியில் அது அனுமதி. உங்கள் போட்டியில் தடை என்றால் பட்டைத் தற்காப்பு இன்னும் பலம், எதிராளிக்கு மோதித் திரும்புகிற அடி மட்டுமே மிச்சம். உங்களுக்கும் அதே நிலைதான் என்பதை மறக்க வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: 25 புள்ளி ஆட்டம். நான் 20, அவர் 15. அவருக்கு 2 காய், எனக்கு 5, சிவப்பு அவர் எடுத்துக் கவரும் செய்திட்டார். அடிக்கிறதா, தடுக்கிறதா?

கணக்கைப் பாருங்கோ. நீங்கள் வென்றால் அவருடைய மிச்சக் காய்களுக்கு 2 புள்ளிதான், 22 ஆவீர்கள். அவர் வென்றால் உங்கள் 5 காயும் சிவப்புக்கு 3உம் சேர்ந்து 8, அவர் 23. நீங்கள் இரண்டு காயைப் போட்டுவிட்டுத் தோற்றால் அவர் 21 மட்டுமே. ஆகவே லேசான காய்கள் இருந்தால் போடுங்கோ, ஒவ்வொன்றும் அவருடைய புள்ளியைக் குறைக்கிறது. அவருக்கு வழி திறக்கிற காயை மட்டும் கடைசிக்கு விடுங்கோ.

தடுக்க வேண்டிய முறை வந்தால், அவருடைய இரண்டில் லேசானதைத் துரத்த வேண்டாம். கடினமானதை அவருடைய பட்டைக்குள் பூட்டுங்கோ. லேசானதை அவர் எப்படியும் போடுவார், பிறகு கடைசிக் காயில் தடங்கிக் கொண்டிருக்க, உங்களுக்கு முறை முறையாக வரும். 22ஐ எட்டியவருக்குச் சிவப்பின் 3 புள்ளி கிடையாது என்பதையும் அடுத்த பலகையில் கணக்கில் எடுங்கோ. சிவப்பு போய்விட்ட பலகையில் அவருடைய கடைசிக் காய் உங்கள் அடியில் விழுந்தாலும் பலகை அவருக்குத்தான். அந்தக் காய் பொக்கற்றுக்குக் கிட்ட நின்றால் அதன் பக்கம் ஸ்ட்ரைக்கரை விடவே வேண்டாம்.