பிலிமில் முதல் ரோல்: கேள்வி பதில்

காட்பாடி மாணவர்: அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா கிடைத்திருக்கிறது. வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. கெட்டுவிட்டதா?

முதலில் எல்ஆர்44 பேட்டரி ஒன்று போட்டுப் பாருங்கள். அந்தக் கேமராவில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் (படம் பதியத் திறந்து மூடும் திரை) அது இல்லாமலே ஓடும். மீட்டரை அணைக்கத் தனி சுவிட்ச் கிடையாது. படம் எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள், பேட்டரி நீண்ட நாள் வரும். பிலிம் போட்டபின் அதை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது இடப்பக்கக் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் பிலிம் பற்களில் மாட்டவில்லை, 36 படமும் போச்சு. ரோல் போட்ட கேமராவை வெயிலில் நிற்கும் பைக்கின் டேங்க் கவரில் வைக்காதீர்கள்.

குடியாத்தம்: மீட்டர் இல்லாமல் வெளிச்சத்தைக் கணிக்க முடியுமா?

முடியும், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. நல்ல வெயிலில் அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை, எண் குறைந்தால் துளை பெரிது) 16-இல் வைத்து, ஷட்டரைப் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (பிலிம் வெளிச்சத்தை வாங்கும் வேகம், பெட்டியிலேயே இருக்கும்) நெருக்கமாக வையுங்கள். 200 பிலிம் என்றால் 1/250 நொடி. காலை பத்து மணிக்கு வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் இதை வைத்தே எடுக்கலாம். மரநிழலுக்குப் போனால் 4 அல்லது 5.6 வரை திறங்கள்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கம் வந்தால் கதை மாறும். (படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) கருங்கல் தூணுக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் மீட்டர் வானத்தைப் பார்த்து ஏமாறும், தூண் இருண்டுவிடும். கேமராவைக் கல் பக்கம் தாழ்த்தி அளந்து, அதே அளவில் எடுங்கள். கலர் நெகட்டிவ் பிலிம் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். குறைந்தால் நிழலில் ஒன்றுமே பதியாது, பிறகு யாராலும் அதை மீட்க முடியாது. சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அப்பர்ச்சர், ஷட்டர் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். எழுதாத ரோலிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

ஆம்பூர்: எந்தக் கேமரா வாங்கலாம்?

கையால் இயக்குவது, 50 எம்எம் லென்ஸ். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்ளே பூஞ்சை நூல்கள் தெரிந்தால் வேண்டாம்.

வாணியம்பாடி: நல்ல கேமரா ஒன்று சொல்லுங்களேன்?

ஆம்பூர் நண்பருக்குச் சொன்னதுதான். பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு ஒரு ரோல் எடுங்கள்.

ராணிப்பேட்டை: அண்ணா, கருப்பு வெள்ளையை வீட்டில் கழுவ 20 டிகிரி தண்ணீர் வேண்டும் என்கிறார்கள். இங்கே மே மாதம் குழாயில் சுடுதண்ணீர்தான் வருகிறது. பெரியப்பா ஸ்டூடியோவில் அதிலேயேதான் கழுவினார்.

தம்பி, பெரியப்பா காலத்து ஸ்டூடியோக்களில் பிலிம் மேல் பூசிய ஜெலட்டின் இளகாமல் இருக்க, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசலில் படிகாரம் சேர்ப்பார்கள். சிவப்பு ஒளி பதியாத ஆர்த்தோ பிலிம் என்றால் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்து நிறுத்தவும் முடிந்தது. இன்று நீ வாங்கும் எச்பி5 கருப்பு வெள்ளை பிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கும், சிவப்பு விளக்கிலேயே கெட்டுவிடும். கண்ணை நம்பிக் கழுவ முடியாது.

ராணிப்பேட்டை: அப்படியானால் நேரத்தைக் குறைத்தால் போதாதா?

தண்ணீர் 24 டிகிரி வரை இருந்தால் நேரத்தைக் குறைக்கலாம், அதற்கு அட்டவணை உண்டு. 32-இல் நேரம் மிகவும் சுருங்கிவிடும். டெவலப்பர் (பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் திரவம்) ஊற்றி வடிப்பதற்குள்ளேயே ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் வேலை செய்து படம் திட்டுத் திட்டாக வரும்.

ஆம்பூர்: நான் 30-இல் கழுவினேன், நன்றாகத்தான் வந்தது.

வந்திருக்கும். அடுத்த ரோலும் அதேபோல் வருமா என்பதுதான் கேள்வி. வாளியில் ஐஸ் போட்டு, டெவலப்பர் பாட்டிலை அதில் நிறுத்தி 24-க்கு இறக்குங்கள். கடைசியில் அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த பிலிமைச் சுடுதண்ணீரில் போட்டால் ஜெலட்டின் சுருங்கி வலைபோல வெடிக்கலாம்.

ஆரணி: மூடிய ஸ்டூடியோவில் ‘இந்து’ பிராண்டின் பழைய பிலிம் ரோல் கிடைத்தது. எடுக்கலாமா?

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது. இத்தனை வருட வெயிலுக்குப் பிறகு புகைமூட்டமாகத்தான் வரும். கேமராவில் மாட்டிக் கழற்றிப் பழக அதை வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணம் எடுக்காதீர்கள்.

திருப்பத்தூர்: ஜவ்வாது மலையில் நட்சத்திரம் எடுப்பது எப்படி?

அது என் துறை இல்லை. வானம் பார்ப்பவர்களைக் கேளுங்கள்.

வேலூர்: ரோல் முடிந்துவிட்டது, பைக் டேங்க் கவரில் இருக்கிறது. அப்படியே திறந்து எடுக்கலாமா?

திறக்காதீர்கள்! முதலில் வெயிலிலிருந்து எடுங்கள். கேமராவின் அடியில் சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்திவிட்டு மேல் குமிழை அம்புக்குறிப் பக்கம் சுற்றுங்கள். இறுக்கம் சட்டென்று தளர்ந்த பிறகுதான் பின்மூடி. பிலிம் கழுவும் லேபில் கொடுக்கும்போதே நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.