எழுதினால் அழுகை வருகிறது, நிறுத்திவிடவா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஆறு வருடமாக வலது கையில் வெண்புள்ளி. ஒரு விசேஷத்தில் அந்தக் கையால் பரிமாறப் போனபோது, உறவுக்கார அத்தை கரண்டியைப் பிடுங்கிவிட்டார். மூன்று வாரமாக இரவில் அதையே நோட்டில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அந்தக் கையைப் பார்த்து அழுகிறேன். பழசைக் கிளறாதே என்கிறார் மாமியார். நிறுத்திவிடவா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம். எழுதும் விதத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

எழுதியதும் மனம் கனப்பது சகஜம்தான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை உலுக்கிய சம்பவத்தைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். எழுதிய அன்று சோர்ந்துதான் போனார்கள். ஆனால் நடந்ததையும் அதன் வலியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைவு. பிறகு நடந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் இல்லை. சராசரியாகச் சிறிய பலன்தான். எழுதிப் புள்ளி மறையாது, தோல் மருத்துவரை விட்டுவிடாதீர்கள்.

அவர்கள் எழுதியது நாலே நாள். நீங்களோ மூன்று வாரமாக அதே பந்தியில் நிற்கிறீர்கள். ஒன்றையே ஒரே மாதிரி எழுதினால் அசைபோடுவதாகிவிடும். பலன் பெற்றவர்களின் எழுத்தில் ‘நான்’, ‘அவர்’ போன்ற சொற்களின் அளவு நாளுக்கு நாள் மாறியதையும் பென்னிபேக்கர் பார்த்திருக்கிறார். இடம் மாறி நின்று பார்த்திருக்கிறார்கள் போல.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இரண்டு முறை ‘அந்தக் கை’ வருகிறது. ‘என் கை’ ஒரு முறைகூட இல்லை. நாளைக்கு ‘என் கை’ என்று தொடங்கி, அது அன்றைக்குச் செய்த வேலைகளை மட்டும் எழுதுங்கள்: மாவு பிசைந்தது, பூட்டைத் திறந்தது, எதுவானாலும். அப்புறம் ஒரு நாள், பந்திக் கதையை அத்தை சொல்வதுபோல் எழுதிப் பாருங்கள். அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. எந்தப் பயத்தில் கரண்டியைப் பிடுங்கினார் என்று பாருங்கள், போதும். வெண்புள்ளி தொழுநோயும் அல்ல, தொற்றவும் செய்யாது. ‘வெண்குஷ்டம்’ என்ற பழைய பெயர் செய்த கெடுதல் கொஞ்சமா!

படுக்கப் போகும் நேரத்தில் எழுதாதீர்கள்; மாலையில் 15 நிமிடம் போதும். மாமியார் படித்துவிடுவாரோ என்று தோன்றினால் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். இப்படி மாற்றியும் பாரம் இறங்கவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் எழுதுவதை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிர் வெறுத்ததுபோல் இருந்தால் அதுவரை காத்திருக்கவே வேண்டாம், உடனே 14416 ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம்தான், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.