எல்லா செயினுக்கும் ஒரே வாலட் போதுமா?

மொபைலில் இருக்கும் மூன்று கிரிப்டோ வாலட்களையும் (கிரிப்டோ அனுப்ப, வாங்க உதவும் செயலிகள்) எடுத்துவிட்டு, எல்லா பிளாக்செயினுக்கும், அதாவது யாரிடம் எவ்வளவு கிரிப்டோ என்று எழுதி வைக்கும் ஒவ்வொரு பொதுக் கணக்கேட்டுக்கும், ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், எதையோ ஒரு செயினில் அனுப்பிவிட்டு இன்னொரு செயினில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். எனக்கு அது நடந்தது.

திருப்பூரில் சின்னதாகப் பவர் டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கும் பட்டறை, வைத்திருக்கிறேன். 2023ல் கிரிப்டோ வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்சில் 400 யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் கிரிப்டோ) வாங்கி, என் சொந்த வாலட்டுக்கு மாற்றினேன். எந்த நெட்வொர்க், அதாவது எந்தச் செயின் வழியாக என்று கேட்டது. பட்டியலில் பிஇபி20க்குக் (பிஎன்பி செயினுக்கு அங்கே அந்தப் பெயர்) கட்டணம் குறைவு, அதை அமுக்கினேன். பீஸுக்குப் பத்து காசு கூடக் கேட்டு மல்லுக்கட்டுகிற தொழில், கை தானாகக் குறைந்த விலைக்குத்தான் போகும். வாலட்டைத் திறந்தால் பூஜ்யம். அரை மணி நேரம் கழித்தும் பூஜ்யம். அன்று சனிக்கிழமை, அதாவது சம்பள நாள். நான் இருந்த நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஒரு டெலிகிராம் குழுவில் போய்ப் புலம்பினேன். இரண்டே நிமிடத்தில் ‘சப்போர்ட்’ என்று ஒருவன் தனியாக வந்தான். அவ்வளவு மரியாதை. ஒரு லிங்க் கொடுத்து, வாலட்டின் 12 சொற்களையும் அதில் போடச் சொன்னான். அந்தச் சொற்கள்தான் வாலட்டின் சாவி, அவை யார் கையில் இருக்கிறதோ காசை அவர் எடுத்துவிடலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததை எடுத்து வரிசையாக அடித்தேன். ஏழாவது சொல் என் கையெழுத்தில் எனக்கே விளங்கவில்லை. பெருந்துறையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அக்கா மகனைக் கூப்பிட்டு, இப்படித் தொடங்குகிற சொல் என்னவாக இருக்கும் என்றேன். "அதை எதுக்கு மாமா இப்பக் கேக்கறீங்க?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் அவன் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

மறுநாள் வந்து பத்து நிமிடத்தில் காட்டினான். பணம் எங்கும் போகவில்லை. வாலட்டில் காசு கிடையாது, சாவி மட்டும்தான் இருக்கிறது. எத்தீரியம், பிஎன்பி, பாலிகான், ஆர்பிட்ரம் என்கிற செயின்கள் எல்லாம் ஒரே வகை. எல்லா வீதியிலும் உங்களுக்கு ஒரே கதவு எண், ஒரே சாவி. நான் பிஎன்பி வீதியில் இறக்கிய மூட்டையை எத்தீரியம் வீதியில் தேடியிருக்கிறேன். பிஎன்பி நெட்வொர்க்கைச் சேர்த்து, டோக்கனையும் சேர்த்ததும் 400 வந்து நின்றது. ஆனால் நகர்த்த முடியவில்லை. அந்தச் செயினில் கட்டணத்தை பிஎன்பி நாணயத்தில்தான் கட்ட வேண்டும், என்னிடம் துளி இல்லை. சில ரூபாய்க் கட்டணத்துக்காக மறுபடி எக்ஸ்சேஞ்சில் பிஎன்பி வாங்கி அனுப்பினேன்.

"நெட்வொர்க் பார்க்கத் தெரியாதவனுக்கு கிரிப்டோ எதற்கு" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: சரி, தெரியவில்லைதான். அதற்காகத்தானே வாலட்கள் மாறியிருக்கின்றன. மெட்டாமாஸ்க் என்ற வாலட் 2016ல் எத்தீரியத்துக்காக வந்தது. 2025ல் வேறு வகைச் செயினான சொலானாவையும் சேர்த்துக்கொண்டது. சொலானாவுக்கென்று தொடங்கிய ஃபேண்டம் வாலட், 2023லேயே எத்தீரியத்துக்கும் பாலிகானுக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஒரே 12 சொற்களிலிருந்து ஒவ்வொரு செயினுக்கும் முகவரி பிறக்கிறது. எல்லா இருப்பும் ஒரே திரையில். சில வாலட்களில் கட்டணத்தைக்கூட நீங்கள் மாற்றும் டோக்கனிலேயே கழித்துக்கொள்கிறார்கள். எனக்கு அன்றைக்கு இது இருந்திருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. முன்பு வாலட் வெறும் சாவிக்கொத்து. இப்போது அது தரகர். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அது மாதிரி. எத்தீரியத்தில் உள்ளதைச் சொலானாவுக்கு மாற்று என்று பட்டனை அமுக்கினால், எந்தப் பிரிட்ஜ் (ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குக் காசைக் கடத்தும் பாலம்) வழியாகப் போக வேண்டும் என்பதைத் துண்டுக்குள் அது முடித்துவிடுகிறது. தரகும் உண்டு. ஒரு டோக்கனை இன்னொன்றாக மாற்றும் ஸ்வாப்புக்கு மெட்டாமாஸ்க் 0.875 சதவீதம் எடுக்கிறது. அது பரவாயில்லை, உழைப்புக்குக் கூலி. எனக்குப் பயம் பிரிட்ஜ்தான். பல பிரிட்ஜ்களில், இந்தப் பக்கம் உங்கள் காசைப் பூட்டி வைத்துவிட்டு அந்தப் பக்கம் அதற்கு ஈடாக ஒரு டோக்கன் தருவார்கள். பூட்டிய இடத்தில் கொள்ளை போனால் உங்கள் கையில் இருப்பது வெறும் ரசீது. 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் பிரிட்ஜில் 30 கோடி டாலருக்கு மேல் போனது. அடுத்த மாதமே ரோனின் என்ற இன்னொரு பிரிட்ஜில் 60 கோடிக்கு மேல்.

இந்தக் கணக்கையெல்லாம் என் மாமனாரிடம் சொல்லித் தொலைத்தேன். "ஈமுக்கோழி மாதிரிதானுங்க மாப்ளை இதுவும்" என்றார். சொன்னவர் யார்? 2012க்கு முன்னால் எங்கள் பேச்சைக் கேட்காமல் ஈமுக்கோழிப் பண்ணை மோசடியில் மூன்று லட்சம் போட்டவர். கோழி போய்ப் பல வருஷம் ஆச்சு, தோட்டத்தில் அந்தக் கம்பி வேலியும் ஷெட்டும் அப்படியே நிற்கின்றன. என் இரண்டு ஓவர்லாக் மிஷினை அங்கே போட்டுக்கொள்கிறேன் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன். "பாக்கலாமுங்க" என்கிறார். வாடகை தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

நான் யாரையும் வாங்கச் சொல்லவில்லை. லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் கழிக்கவும் முடியாது. இதெல்லாம் தெரிந்து இறங்குகிறவர் இறங்கட்டும். உங்கள் மூன்றில் இரண்டை எடுத்துவிடுங்கள், ஆனால் எடுப்பதற்கு முன் அந்தந்த வாலட்டின் சொற்கள் காகிதத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய தொகையைப் பிரிட்ஜில் ஏற்றாதீர்கள். எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது மட்டும் நெட்வொர்க்கை இரண்டு முறை பாருங்கள். அங்கே சாவி நம் கையில் இல்லை, அக்கா மகன் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. புது வாலட்டின் 12 சொற்களை அவனையே எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன். "என்கிட்டயும் காட்டாதீங்க மாமா" என்று திட்டிவிட்டான்.