வலையை அறுத்தது ஒரு படகு, கட்டிவைத்தது வேறொரு படகு

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் நாட்டுப்படகில் நண்டுவலை போட்டுப் பிழைக்கிறேன். போன வியாழன் ராத்திரி, கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் விட்டிருந்த வலையை ஒரு விசைப்படகு இழுத்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. வலை 1,80,000 ரூபாய், மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது. இந்த விசைப்படகுக்காரர்கள் இழுவைமடி (படகு இழுத்துப்போகும் பை போன்ற வலை) போட்டுக் கடலின் அடியையே சுரண்டுகிறார்கள். பல வருடமாக மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு காலை நாங்கள் பதினோரு பேர் போய், அதே துறைமுகத்து விசைப்படகு ஒன்றை மடக்கிக் கொண்டுவந்து கட்டிவிட்டோம். ஜிபிஎஸ் கருவியையும் மீனையும் இறக்கி வைத்திருக்கிறோம். பணம் தந்தால்தான் படகை விடுவோம் என்று சொல்லிவிட்டோம். எங்களுக்கு எவ்வளவு நஷ்டஈடு கிடைக்கும்?

பதில்: நஷ்டஈட்டை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: வலையை அறுத்தது எந்தப் படகு? அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. "அதே துறைமுகத்துப் படகு" என்பது பதில் ஆகாது.

இழுவைமடி கடலைச் சுரண்டுவது உண்மைதான். மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகைகள் தரையை உழுதுகொண்டே போகும். வடகடலோ ஆழம் குறைந்த, கடற்புல் வளரும் கடல். மடியில் ஏறும் குஞ்சும் குறுமீனும் சங்காயமாக (சாப்பாட்டுக்கு விலைபோகாத கழிவு மீனாக) குவிந்து மீன்தூள் கம்பெனிக்குப் போகின்றன. வளரவிட்டிருந்தால் உங்கள் வலைக்கு வந்திருக்க வேண்டிய நண்டும் அந்தக் குவியலில் கிடக்கும். இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அதே ஆண்டு இங்கே, பாக் விரிகுடா இழுவைப்படகுகளுக்குப் பதிலாக, ஒவ்வொன்றும் 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஆழ்கடல் படகுகள் தரும் திட்டம் வந்தது. ஆனாலும் உங்கள் கடலில் இன்று வரை மடி ஓடுகிறது. இது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்காகப் பேச வேண்டிய விஷயம். உங்கள் 1,80,000 ரூபாய்க்கு இதில் ஒரு வரிகூட உதவாது. பழைய மனுக்களும் அப்படியே.

இப்போது கரையில் கட்டியிருக்கும் படகுக்கு வருவோம். நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டிய இடத்துக்கு உங்களைத் தள்ளப்போவது அதுதான். அந்தப் படகில் இருந்தவர்கள் ஞாயிறு காலை மீனோடு கரை திரும்பிக்கொண்டிருந்தவர்கள். வியாழன் ராத்திரி அந்தப் படகு கடலில் இருந்ததற்கே உங்களிடம் ஆதாரம் இல்லை. வழியில் மடக்கி, பொருளை இறக்கி, பணம் கேட்டிருக்கிறீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308-ஆவது பிரிவு. படகில் இருந்தவர்களை அடைத்து வைத்திருந்தால் 127. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் 310, கூட்டுக்கொள்ளை. அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. நீங்கள் பதினோரு பேர். "எங்கள் வலைக்கு ஈடாகத்தான் வைத்திருந்தோம்" என்று சொன்னால் போலீஸ் அதையே உங்கள் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். வலை போனவர் ஒருவர், வழக்கில் சிக்குவது ஊரில் பாதி இளைஞர்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசி முடித்த பிறகும் வழக்கு முடிவதில்லை. கூட்டுக்கொள்ளை வழக்கை ஸ்டேஷனில் சமாதானம் பேசி மூட முடியாது, நீதிமன்றத்திலும் வாபஸ் வாங்க முடியாது. உயர் நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும், அதையும் எளிதில் தரமாட்டார்கள். அதற்குள் வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகவிருந்த பையனின் பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையில் நின்றுவிடும். வலையின் விலையைப்போல் இரண்டு மடங்கு வக்கீல் செலவிலேயே போய்விடும்.

அதனால் படகை இன்றைக்கே விடுங்கள், எந்த நிபந்தனையும் வைக்காமல். உரிமையாளர் கையில் நேராகக் கொடுக்க வேண்டாம். மீன்வளத்துறை உதவி இயக்குநரிடமோ மரைன் போலீஸிடமோ, ஒரு வக்கீலைக் கூட வைத்துக்கொண்டு, ஜிபிஎஸ் உட்பட ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். இறக்கிய மீன் கெட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பதினோரு பேருக்கும் முன்ஜாமீன் மனுவைத் தயார் செய்து வையுங்கள். "படகை விட்டதற்காக இவ்வளவு தருகிறோம்" என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதாதீர்கள், வாங்காதீர்கள்.

இனி உண்மையான படகு. உங்கள் ஊர் ஏற்பாட்டின்படி விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் போகும். புதன் போனது வியாழன் காலை திரும்பியிருக்க வேண்டும். ஆக, வியாழன் ராத்திரி கடலில் கிடந்த விசைப்படகுகள் சிலதான். எது டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கியது, எது திரும்பி வரவில்லை என்று மீன்வளத்துறைப் பதிவேட்டில் தெரியும். புகாரில் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு கடல் மைல் என்பது எந்தக் கணக்கிலும் நாட்டுப்படகுக்கு ஒதுக்கிய கடலுக்குள்தான், எனவே 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தில் அபராதம் விழும். அந்த அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. பலர் அபராத உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து பணம் வருமென்று காத்திருந்து, சிவில் வழக்குக்கான மூன்று ஆண்டுக் கெடுவைக் கோட்டைவிடுகிறார்கள். வலைக்குப் பணம் வேண்டுமென்றால் சிவில் வழக்கு, இல்லாவிட்டால் சமரசம்.

சமரசத்துக்குப் போங்கள் என்பதே என் ஆலோசனை. வழக்குப் போட்டால் 3 சதவீதம் கட்டணம், 5,400 ரூபாய். அது பெரிய தொகை இல்லை. ஆனால் பயன்படுத்திய பழைய வலைக்குப் புது விலை எந்த நீதிபதியும் தரமாட்டார். எதிராளியும் டீசல் கடனிலும் வட்டிக் கடனிலும் ஓடுகிறவர்தான். வருடக்கணக்கில் இழுத்துத் தீர்ப்பு வாங்கும்போது அவரிடம் வசூலிக்க என்ன மிச்சம் இருக்குமோ! விசைப்படகுச் சங்கம் மூலம் பேசி 1,10,000 வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊர்க்கூட்டத்தில் வாய்ப்பேச்சாக முடிக்காதீர்கள். முதல் தவணை வரும், "இனி எனக்குப் புகார் இல்லை" என்று கையெழுத்து வாங்குவார்கள், இரண்டாம் தவணை வரவே வராது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். வழக்குப் போடாமலே போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே எழுதுவது தீர்ப்பாணைக்குச் சமம், பணம் வராவிட்டால் நேரே நிறைவேற்று மனுப் போடலாம். போகும்போது வலை வாங்கிய ரசீது, நகை அடகுச் சீட்டு, உங்கள் ஜிபிஎஸ்ஸில் வலை விட்ட இடத்தின் பதிவு, அறுந்த வலையின் மிச்சம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அந்த மிச்சத்தைப் பின்னிச் சரிசெய்துவிடாதீர்கள், மீன்வளத்துறை அதிகாரி வந்து பார்த்து எழுதும்வரை அப்படியே கிடக்கட்டும்.